துண்டு போட்டு வைத்த தெரு

முதலில் சத்தம்தான் வந்தது. டொக் என்று ஒன்று, பிறகு ஒரு மூச்சு விடுகிற நேரம் ஒன்றுமில்லை, பிறகு மறுபடியும் டொக். காலி ஐஸ் டப்பாவின் மேல் யாரோ ஒற்றை விரலால் தட்டி, தட்டியதைக் காது கொடுத்துக் கேட்டு, சரிதான் என்று திருப்திப்பட்டு மறுபடியும் தட்டுவதுபோல, அவசரமும் இல்லாத சோம்பலும் இல்லாத ஒரு சத்தம். அடுப்படியில் முட்டையை உடைத்து வெள்ளைக்கருவைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்த நான், கையில் பாதி ஓட்டோடு நிமிர்ந்து பார்த்தேன்.

"வெளிய என்னமோ சொட்டுது, கேக்கியளா?" என்றாள் என் மனைவி ரெக்சலின்.

"குழாயா இருக்கும்."

"நம்ம தெருக் குழாயா? அது சொட்டுததுக்கே முறை வச்சிருக்கு. இன்னைக்கு முறை இல்ல. போய்ப் பாருங்க."

நான் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவன். விடியற்காலையில் விரலெல்லாம் மரத்துப்போய் வீட்டுக்கு வருவேன். மற்ற மனிதர்களிடம் கூப்பிடாமலே வருகிற தூக்கம் என்னிடம் மட்டும் வாசல் வரை வந்துவிட்டு வேறு வேலை இருப்பதுபோலத் திரும்பிப் போய்விடும். ராத்திரி விழித்திருந்து பகலில் படுத்திருப்பவனுக்கு, தான் வேறு யாரோ ஒரு ஆளுக்காக இந்த உலகத்தில் இடம் பிடித்து வைத்திருப்பதாகவும், அந்த ஆள் இன்னும் வண்டி ஏறவே இல்லை என்பதாகவும் ஒரு நினைப்பு ஓடிக்கொண்டேயிருக்கும். அந்த நினைப்பை விரட்டத்தான் பழைய லேப்டாப் ஒன்றை வைத்துக்கொண்டு வெப் பேஜ் செய்வது எப்படி என்று வீடியோ பார்த்து நானாகவே படிக்க ஆரம்பித்திருந்தேன்.

அந்த வாரம் படிப்பு விளையாட்டாக இல்லை, அதற்கு ரெக்சலினின் மக்ரூன் காரணம். எங்கள் தூத்துக்குடியில் முட்டை வெள்ளைக்கருவையும் சீனியையும் முந்திரியையும் சேர்த்து அடித்து, சின்னச் சின்னக் கோபுரமாகப் பிழிந்து, மிதமான சூட்டில் காயவைத்துச் செய்கிற பண்டம் அது. வாயில் போட்டால் முதலில் நொறுங்கும், பிறகு காணாமல் போகும். ரெக்சலின் செய்வது காணாமல் போன பிறகும் கொஞ்ச நேரம் வாயிலேயே இருக்கும். கோயம்புத்தூரில் கடை வைத்திருக்கும் அமராவதி அம்மா யார் வீட்டுக் கல்யாணத்திலோ அதைத் தின்றுவிட்டு, வாராவாரம் சனிக்கிழமை எங்கள் ஊருக்கு வரும் தன் வேனில் பெட்டி பெட்டியாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை, செய்கிற அடுப்படியைத் தானே வந்து பார்க்கவேண்டும். எந்தச் சனிக்கிழமை வருவேன் என்று மட்டும் சொல்லமாட்டார். "சொல்லிப்போட்டு வந்தா எல்லா அடுப்படியும் சுத்தமாத்தானுங்க இருக்கும்" என்பார்.

வந்தார், வந்தார், வந்து சேரவில்லை. ஏனென்றால் எங்கள் தெருவுக்குப் பெயர் கிடையாது. தெருவின் நடுவில் இருக்கும் கிணற்றைத் தோண்டியது தன் தாத்தா வேதமுத்து என்று ஜெபமணி அக்கா சொல்வாள். இல்லை, தன் தாத்தா சுடலைமுத்து என்று ஆட்டோ ஓட்டுகிற முத்துக்குட்டி சொல்வான். வேதமுத்து தெரு என்று போர்டு வைத்தால் காலையில் அதில் தார் பூசியிருக்கும், சுடலைமுத்து தெரு என்று வைத்தாலும் அதே தார்தான் பூசியிருக்கும். மற்றபடி இவள் வீட்டு கிறிஸ்துமஸ் பலகாரம் அவன் வீட்டுக்கும் அவன் வீட்டுக் கோயில் கொடைச்சோறு இவள் வீட்டுக்கும் தவறாமல் போகும். போன் மேப்போ எங்கள் தெருவை உப்பளத்துக்கு நடுவில் காட்டும். அமராவதி அம்மாவின் வேன் பைபாஸ் விலக்கில் திரும்பி, உப்பு அம்பாரங்களைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, மெயின் ரோட்டுப் பேக்கரியில் எடுத்துக்கொண்டு போய்விடும். கடைசியாகப் போனில் சொல்லியிருந்தார்: "அட்ரஸோட ஒரு வெப் பேஜ் போட்டு அனுப்புங்க அம்மணி. வர்ற சனிக்கிழமையும் கெடைக்கலீன்னா பேக்கரிக்காரருக்கே முடிச்சுக் குடுத்துருவனுங்க."

போன் வைத்த பிறகு ரெக்சலின் அன்று முழுக்க அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை. வெள்ளைக்கருவை அடித்துக்கொண்டே இருந்தாள்.

ஆகவேதான் அந்தக் காலையில், வீடியோக்காரர் சொல்லச் சொல்ல, கோட் எடிட்டரை இறக்கிக்கொண்டிருந்தேன். நீலப் பட்டை ஊர்ந்து ஊர்ந்து முடிந்ததும் எடிட்டர் திறந்தது, ஐஸ் கம்பெனியின் உப்புநீர்த் தொட்டிபோல ஆழமான கறுப்புத் திரை. டெஸ்க்டாப்பில் ஒரு போல்டர் போட்டு, அதைத் திறந்து, புது பைல் ஒன்று உண்டாக்கினேன். "இப்போ முதல் வரியில உங்க கர்சர் மினுக்கிக்கிட்டு நிக்கும் பாருங்க" என்றார் வீடியோக்காரர். பார்த்தேன், நிற்கவில்லை. முதல் வரி இருந்தது, வரி எண் இருந்தது, கர்சரைக் காணோம். சரி, பழைய லேப்டாப், மெதுவாக வரும் என்று முட்டை பிரிக்கப் போனேன். அப்போதுதான் அந்தச் சத்தம்.

கர்சர் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தது.

தார் நிறத்தில், ஆள் உயரத்தில், விளக்குமாற்றுக் குச்சி அளவு பருமனில் ஒரு நெட்டைக் கோடு. போர்டு வைத்து வைத்துக் குழியாகிப்போன அதே இடத்தில் டொக் என்று தோன்றும், இருக்கும், பிறகு இருக்காது, பிறகு டொக். ஜெபமணி அக்கா அதன் முன்னால் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"தொபியாஸ், இது ஒங்க வீட்டுதா?"

"ஆமா அக்கா. கம்ப்யூட்டர்ல இருக்க வேண்டியது."

"ராத்திரிக்குள்ள எடுத்துருவியா, இல்ல இங்கனதான் நிக்குமா?"

"தெரியல அக்கா."

"நின்னா நிக்கட்டும். வழியில இல்லல்ல" என்று சொல்லிவிட்டு அவள் தண்ணீருக்குப் போனாள்.

எங்கள் தெரு அதைச் சேர்த்துக்கொள்ள மத்தியானம் வரைக்கும்கூட ஆகவில்லை. பிள்ளைகள் முதலில் வந்து அதை ஸ்டம்பாக்கிக்கொண்டார்கள். கோடு இல்லாத நேரத்தில் பந்து அதன் வழியாகப் போனால் அவுட்டா இல்லையா என்று சண்டை வந்தது, கோடு இல்லாவிட்டாலும் அதன் இடம் இருக்கிறது, ஆகவே அவுட் என்று பௌலிங் போட்டவனும், இடத்தை வைத்துக்கொண்டு என்ன நாக்கையா வழிப்பது என்று பேட்டிங் பிடித்தவனும் கத்தினார்கள், கடைசியில் அந்தப் பந்தைத் திருப்பிப் போடுவது என்று முடிவானது, அந்தச் சட்டம் இன்றைக்கும் இருக்கிறது. முத்துக்குட்டி தன் ஆட்டோவை அதன் பக்கத்தில் நிறுத்தி இண்டிகேட்டரை அதன் தாளத்துக்கு மினுக்க விட்டான். யாரோ ஒரு மைனி அதில் மஞ்சள் தடவினாள், மஞ்சள் பாதி நேரம் காற்றில் நின்றது. இன்னொருத்தி ஈரச் சேலையை அதன் மேல் போட, கோடு மறைந்ததும் சேலை மண்ணில் விழுந்தது, எடுத்து உதறிப் போட்டாள், விழுந்தது, "சீ, கொஞ்சமாச்சும் நிலையா நில்லேன்" என்று அதை என் வயதுக்காரனைத் திட்டுவதுபோலத் திட்டிவிட்டுப் போனாள். ரெக்சலின் மட்டும் அந்தச் சத்தத்துக்கு ஏற்றபடி வெள்ளைக்கரு அடிக்க ஆரம்பித்தாள். நுரை எப்போதும் இல்லாதபடி நின்றது.

நான் என்ன தட்டச்சு செய்தாலும் அது தெருமுனையில்தான் வரும் என்பது அடுத்து தெரிந்தது. முதல் அடைப்புக்குறியைத் தட்டியதும் காக்கை மூக்கைப் போன்ற ஒரு கறுப்பு உருவம் கதவு உயரத்துக்கு எழுந்தது, எடிட்டரின் புத்தியால் அதற்கு ஜோடியான மூக்கும் தானாகவே எதிரில் வந்து நின்றது. "தொறந்தா தானா மூடுதே, எங்க வீட்டுக்காரர் இப்படி ஒருநாளாவது கதவ மூடிருப்பாரா" என்றாள் மைனி. "ரெக்சலின் மக்ரூன்" என்று அடித்து எண்டர் தட்டினேன். அந்த வரி மெல்ல மேலே எழும்பி, கல்யாண வீட்டு வளைவுபோல இரண்டு பக்க மாடிகளுக்கும் நடுவில் போய் நின்றது, கர்சர் மறுபடி தரைக்கு வந்து டொக் என்றது. தெருவே கை தட்டியது. அப்புறம் "அட்ரஸ்" என்று அடித்தேன். யாரும் கை தட்டவில்லை.

ஏனென்றால் அந்நேரம் என் ஜன்னலுக்கு வெளியே ஒரு பக்கம் ஜெபமணி அக்காவும் இன்னொரு பக்கம் முத்துக்குட்டியும் வந்து நின்றுவிட்டார்கள்.

"தொபியாஸ், கிணறு வெட்டுனது யாருன்னு ஒனக்குத் தெரியும்" என்றாள் அக்கா.

"அண்ணாச்சிக்குத் தெரியும். அதனாலதான் பேசாம இருக்காவ" என்றான் முத்துக்குட்டி.

"ஒங்க தாத்தா கயித்தப் புடிச்சுக்கிட்டு மேல நின்னாரு. எறங்குனது எங்க தாத்தா."

"கயித்த விட்டுருந்தா தெரிஞ்சிருக்கும் அக்கா, யாரு முக்கியம்னு."

என் விரல் எழுத்துகளின் மேல் நின்றது. எதை அடித்தாலும் மறுநாள் அதில் தார்தான். அடிக்காவிட்டால் சனிக்கிழமை வேன் உப்பளத்தைச் சுற்றும். அப்போது வீடியோக்காரர், தன் பாட்டுக்கு, "என்ன எழுதறதுன்னு இன்னும் முடிவு பண்ணலையா, கவலையே வேண்டாம், லோரம்னு அடிச்சு டேப் தட்டுங்க" என்றார். உண்மையான வார்த்தை வந்து சேரும்வரை இடத்தை நிரப்பி வைக்க இந்தத் தொழிலில் இருப்பவர்கள் காலங்காலமாகப் பயன்படுத்துகிற, அர்த்தத்தை யாரும் கேட்காத, பழைய லத்தீன் வார்த்தைகள் அவை. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவதுபோல. நான் அடித்தேன். டேப் தட்டினேன்.

ஒரு பத்தி முழுக்க வந்தது. வரியை மடக்குகிற செட்டிங் ஒன்று இருக்கிறது, அதை அப்புறம் பார்ப்போம் என்று அவர் சொன்னதும், நானும் அப்புறம் பார்ப்போம் என்று தாண்டிப் போனதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. மடங்காத அந்தப் பத்தி ஒரே வரியாக, நெஞ்சளவு உயர எழுத்துகளாக, தெருமுனையில் கிளம்பி, டீக்கடையைத் தாண்டி, மாதா கோயில் மதிலை ஒட்டி வளைந்து, ரயில்வே கேட்டில் தண்டவாளத்துக்கு மட்டும் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் உள்ள இடத்தை மரியாதையாக விட்டுக்கொடுத்து, பைபாஸ் விலக்கு வரை ஓடி, அங்கே தர்பூசணிக் கடைக்குப் பக்கத்தில் ஒரு முற்றுப்புள்ளியோடு நின்றது. முற்றுப்புள்ளிக்கு அடுத்து கர்சர் டொக் என்றது. அதன் சத்தம் இப்போது எங்கள் வீட்டுக்குக் கேட்கவில்லை.

ஊர் இதையும் சேர்த்துக்கொண்டது. போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் வந்து எழுத்துகளை ஒரு முனையிலிருந்து பார்த்துக்கொண்டே நடந்து, "ஓரமாத்தான ஓடுது" என்று முடித்துவிட்டார். ஆங்கில எம் எழுத்தின் இரண்டு திமில்களுக்கு நடுவில் ஆட்கள் உட்கார்ந்து பேப்பர் படித்தார்கள். ஓ எழுத்துக்குள் ஒரு வெள்ளாடு குட்டி போட்டது. ஐ எழுத்தின் மேல் மிதக்கும் புள்ளிகளில் பருந்துகள் வந்து உட்கார்ந்து துறைமுகத்தைப் பார்த்தன. கோயில் பாட்டுக் குழுவின் இஞ்ஞாசியார், சின்ன வயதில் லத்தீனில் பூசை கேட்டவர், கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாக வாசித்து நடந்தார்.

"லோரம் இப்சம் டோலோர்" என்று நிறுத்தினார். "டோலோர்னா வேதனை. அது எனக்குத் தெரியும். இது ஏதோ பழைய செபம் தொபியாஸ்."

"செபம் இல்ல மாமா. சும்மா இடம் புடிக்கப் போட்டது."

"எல்லாச் செபமும் அதுக்குத்தாம்ல" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாட்டுக் குழு அந்தப் பத்திக்கு மெட்டுப் போட்டுவிட்டது. நல்ல மெட்டு. அழவேண்டிய இடத்தில் ஏனோ எல்லோருக்கும் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே பாடினார்கள், முத்துக்குட்டி ஆட்டோ ஹாரனில் சுருதி சேர்த்தான். நான் ஷிப்டுக்குக் கிளம்புகிறபோது ரெக்சலின் வாசலில் நின்று, "நாளைக்கு சனிக்கிழமை" என்றாள்.

சனிக்கிழமை காலையில் வேலையிலிருந்து வந்ததும் முதல் வேலையாக லேப்டாப்பைத் திறந்தேன். யார் தார் பூசினாலும் பூசட்டும், பாட்டுக் குழு கோபித்துக்கொண்டாலும் சரி, லத்தீனை அழித்துவிட்டு ஏதோ ஒரு தாத்தாவின் பெயரைப் போட்டு அனுப்பிவிடுவது என்று ராத்திரி முழுக்க ஐஸ் பாரைக் கொக்கி போட்டு இழுக்கும்போதெல்லாம் முடிவு செய்துகொண்டே இருந்தேன்.

"எதுக்கு அழிக்கிய?" என்றாள் ரெக்சலின், தட்டில் மக்ரூன் பிழிந்துகொண்டே.

"பேஜ அனுப்ப வேண்டாமா?"

"நான் நேத்தே அனுப்பிட்டேன். ஒங்க ஸ்கிரீன போன்ல படம் புடிச்சு அந்தம்மாவுக்குப் போட்டேன்."

எனக்கு நெஞ்சு ஐஸ் தொட்டியில் விழுந்தது. "ஏய், அட்ரஸ் எடத்துல லத்தீன்ல இருக்கு!"

"இருந்தா என்ன? மேல அட்ரஸ்னு போட்டிருக்கே. படிச்சவங்களுக்குப் புரியும்னு நெனச்சேன்." அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "அது அட்ரஸ் இல்லையா?"

"அது துண்டு. பஸ்ஸுல போடுவோமே, அது."

அவள் பிழிகிற துணியைக் கீழே வைத்தாள். திரும்பி உட்கார்ந்து பேக்ஸ்பேஸை அமுக்கினேன். அமுக்கி அப்படியே பிடித்துக்கொண்டேன். திரையில் எழுத்துகள் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகப் போயின, முற்றுப்புள்ளி போயிற்று, சொல் போயிற்று, இன்னொரு சொல் போயிற்று, யாரோ நூலைச் சுற்றி எடுப்பதுபோல அந்த நீள வரி ஊரின் வழியாக எங்கள் வீட்டை நோக்கிச் சுருங்கிக்கொண்டு வந்தது.

ஆட்டோ சத்தம் கேட்டது. முத்துக்குட்டி வண்டியை நிறுத்தாமலே குதித்து ஜன்னலுக்கு ஓடிவந்தான்.

"அண்ணாச்சி, கைய எடுங்க! கைய எடுங்கன்னா!"

எடுத்தேன்.

"ஒரு கோயம்புத்தூர் வேன். பைபாஸ்ல நின்னு ஒரு அம்மா போனையும் ரோட்டையும் மாத்தி மாத்திப் பாத்துச்சு. அப்புறம் எழுத்தப் புடிச்சுக்கிட்டே வர ஆரம்பிச்சுட்டு. நீங்க என்னன்னா பின்னாலயே அழிச்சுக்கிட்டு வாரீய. வண்டிக்குப் பின்னால எழுத்து எழுத்தா காணாமப் போகுது, டிரைவர் பயந்துபோய் கேட்டுல நிக்காம வாரான். இந்நேரம் மாதா கோயில்ட்ட வந்திருக்கும்!"

நான் கன்ட்ரோலையும் இசட்டையும் தட்டினேன். போனதெல்லாம் ஒரே மூச்சில் திரும்பி வந்தது, தூரத்தில் ரயில்வே கேட் பக்கம் யாரோ "ஏ, வந்துட்டு, வந்துட்டு" என்று கத்துவதும், வெள்ளாடு கத்துவதும், பாட்டுக் குழு எங்கேயோ முதல் வரியைப் பிடிப்பதும் கேட்டது. பிறகு வேன் தெருமுனைக்கு வந்து, ரெக்சலின் மக்ரூன் என்ற வளைவுக்குக் கீழே நுழைந்து, எங்கள் வாசலில் நின்றது.

அமராவதி அம்மா இறங்கினார். குட்டையான, கனமான, கண்ணாடி போட்ட மனுஷி. முதலில் மூச்சு வாங்கினார்.

"ஏனுங்க, அட்ரஸ ரோட்டுலயே எழுதி வெச்சுட்டீங்களா? நல்ல யோசனைதானுங்க. ஆனா ஆள் வர்றதுக்குள்ள அழிக்கலாங்களா?"

"தப்புதாங்க" என்றேன்.

அவர் நேராக அடுப்படிக்குப் போனார். தட்டுகளைத் தூக்கிப் பார்த்தார், அடுப்புக்குப் பின்னால் விரல் வைத்துப் பார்த்தார், சீனி டப்பாவுக்குள் எறும்பு தேடினார், கிண்ணத்தில் நின்ற நுரையைக் கவிழ்த்துப் பார்த்தார், அது விழவில்லை. பிறகு ஒரு மக்ரூனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். தெரு முழுக்க எங்கள் ஜன்னலில் இருந்தது. அது நொறுங்கிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அது காணாமல் போன பிறகும் அவர் வெகு நேரம் கண்ணைத் திறக்கவில்லை.

"இன்னைக்கு இருக்கறதையெல்லாம் ஏத்துங்க" என்றார். "வாராவாரம் இதேமாதிரி. அந்தப் பேக்கரிக்காரருக்கு நான் சொல்லிக்கறேன். பில்லுல போடோணும், தெரு பேரு என்னங்க?"

ஜெபமணி அக்கா வாயைத் திறந்தாள். முத்துக்குட்டியும் திறந்தான். இரண்டு வாய்களும் திறந்தபடி நின்றன. ரெக்சலின் இரண்டு பேரையும் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"லோரம் தெரு" என்றாள்.

ஜெபமணி அக்காதான் முதலில் கேட்டாள், "யாரு தாத்தா அது?"

"யாரு தாத்தாவும் இல்லக்கா" என்றேன். "வேற நல்ல பேரு வார வரைக்கும் இடம் புடிச்சு வச்சிருக்கு."

அக்கா முத்துக்குட்டியைப் பார்த்தாள். முத்துக்குட்டி தலையைச் சொறிந்தான்.

"அப்ப சரி" என்றான் அவன்.

"அப்ப சரிதான்" என்றாள் அவளும். "ஆனா கிணறு எங்க தாத்தா வெட்டுனது."

பெட்டிகளைத் தெருவே தூக்கி ஏற்றியது. வேன் எழுத்துகளின் ஓரமாகவே திரும்பிப் போயிற்று, பாட்டுக் குழு டோலோர் வரை வந்து சிரித்தது. வேறு நல்ல பெயர் இன்றுவரை வரவில்லை, போட்ட துண்டை எடுக்க யாருக்கும் மனசும் வரவில்லை. கடிதங்கள்கூட இப்போது லோரம் தெருவுக்குத்தான் வருகின்றன. கர்சர் பைபாஸில் தர்பூசணிக் கடைப் பக்கத்தில் அடுத்த எழுத்துக்காகக் காத்து நின்றுகொண்டேயிருக்கிறது, அந்தக் கடைக்காரர் அதன் சத்தத்தை வைத்துத்தான் பழம் தட்டிப் பார்க்கிறாராம். என் வாழ்க்கையில் நான் இடம் பிடித்து வைத்திருந்த அந்த ஆளைப் பற்றி அதற்குப் பிறகு நான் அதிகம் யோசித்ததில்லை. ஒருவேளை அவன் வந்து உட்கார்ந்திருக்கலாம், எனக்குத்தான் தெரியாமல் இருக்கலாம்.

அன்றைக்கு எல்லோரும் போன பிறகு வீடு அமைதியாயிற்று. ரெக்சலின் காலித் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தாள், அடுத்த வாரத்துக்கு முந்திரி காணாது, சீனி காணாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் லேப்டாப்பை மூடி ஓரமாக வைத்துவிட்டு, முட்டை அட்டையை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். ஒரு முட்டையை எடுத்து, கிண்ணத்தின் விளிம்பில் டொக் என்று தட்டி, இரண்டு பாதி ஓட்டுக்கும் நடுவில் மஞ்சளை மாற்றி மாற்றி ஊற்றி, வெள்ளையைக் கீழே விட்டேன்.